தாய்மார் மேல் விழுந்த பழி: ஆட்டிசம் புரிந்துகொள்ளப்பட்ட வரலாறு

ஆட்டிசம் மூளை வளர்ச்சியின் போக்கிலேயே அமையும் ஒரு நிலை. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், பழகிய ஒழுங்கு மாறினால் பதற்றம், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைத் தாங்க முடியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இவையெல்லாம் ஒரே நிலையின் வெளிப்பாடுகள் என்று மருத்துவ உலகம் அறிந்து நூறாண்டுதான் ஆகிறது. அதற்குள்ளும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், குழந்தையின் நிலைக்குத் தாயே காரணம் என்று கற்றறிந்த மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டிசம் என்ற சொல்லை 1910ஐ ஒட்டி உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். மனச்சிதைவு கொண்ட பெரியவர்கள் தமக்குள்ளேயே ஒடுங்கிவிடுவதை அவர் அப்படிக் குறித்தார். குழந்தைகளிடம் காணப்படும் நிலையை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர் மாஸ்கோவில் பணியாற்றிய குரூனியா சுகரேவா. ஆறு சிறுவர்களைப் பற்றி 1925இல் ரஷ்ய மொழியிலும் அடுத்த ஆண்டு ஜெர்மன் மொழியிலும் அவர் எழுதினார். பிற பிள்ளைகளோடு சேராமை, ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலிக்கும் மணத்துக்கும் கூசுதல் என்று அவர் குறித்தவை இன்றைய வரையறைக்கு வியக்கத்தக்க அளவில் நெருங்கி நிற்கின்றன. ஆனால் அந்தக் கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவரவே 1996 ஆகிவிட்டது. முதலில் கண்டவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெயர் வேறு இருவருக்குப் போனது.

அவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவைத் தொடங்கிய லியோ கேனர். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து டொனால்ட் டிரிப்லெட் என்ற ஐந்து வயதுச் சிறுவன் 1938இல் அவரிடம் அழைத்து வரப்பட்டான். அதற்கு முன்பே, வழக்கறிஞரான அவன் தந்தை 33 பக்கக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பியிருந்தார். மத வினாவிடைகள் இருபத்தைந்தை மனப்பாடமாகச் சொல்லுவான், பாத்திரங்களைச் சுழலவிட்டு மகிழ்வான், தந்தை வீடு திரும்பினால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்று ஒரு தந்தையின் கண்ணுக்குப் பட்ட அனைத்தும் அதில் இருந்தன. ஆட்டிசத்தைப் பற்றிய மருத்துவ அறிவு இந்தக் கடிதத்திலிருந்து எவ்வளவு பெற்றது என்பதை நினைத்தால், பின்னால் பெற்றோர் நடத்தப்பட்ட விதம் இன்னும் கசக்கிறது.

டொனால்ட் உட்பட எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியரை வைத்துக் கேனர் 1943இல் எழுதிய கட்டுரையே இத்துறையின் அடித்தளம். கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லுதல், 'நான்' என்ற இடத்தில் 'நீ' என்று பேசுதல், எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற தவிப்பு ஆகியவற்றை அவர் நுணுக்கமாக விவரித்தார். இந்தக் குழந்தைகள் பிறர் மேல் பற்றுக்கொள்ளும் ஆற்றல் குறைவாகவே பிறக்கிறார்கள் என்றும் முடிவு சொன்னார். அதே கட்டுரையின் இறுதியில், இவர்களின் பெற்றோரில் பாசம் ததும்புபவர்கள் மிகக் குறைவு என்ற ஒரு குறிப்பும் இருந்தது.

பெயர் பெற்ற இருவரில் மற்றவர், வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். அவர் 1944இல் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். சரளமாகப் பேசி, தமக்குப் பிடித்த துறையில் பெரியவர்களையும் விஞ்சிய பிள்ளைகள் அவர்கள். போர்க்காலத்தில் ஜெர்மன் மொழியில் வெளிவந்ததால் கட்டுரை பரவவில்லை. ஊனமுற்ற குழந்தைகளை நாஜி அரசு கொன்றுகொண்டிருந்த ஆம் ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை அனுப்பியதை 2018இல் வெளியான ஆவண ஆய்வு காட்டியது. அதன் பிறகு அவர் பெயரைச் சொல்லவே பலர் தயங்குகிறார்கள்.

அமெரிக்காவில், பெற்றோரின் பாசக் குறைவு பற்றிக் கேனர் எழுதிய அந்த ஒற்றை இறுதிக் குறிப்பு வளர்ந்தது. 1949இல் கேனரே இந்தப் பெற்றோரை, உறைபனி உருகாத குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிட்டு எழுதினார். உளப்பகுப்பாய்வு கோலோச்சிய காலம் அது. பிள்ளையின் எந்தக் குறைக்கும் தாயின் மனத்தில் வேர் தேடுவது மருத்துவர்களின் வழக்கமாக இருந்தது. சிகாகோவில் சிறப்புப் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், 1967இல் வெளியிட்ட நூலில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். தாக்காவ், புக்கன்வால்ட் நாஜி வதைமுகாம்களில் தாமே அடைபட்டிருந்தவர் அவர். குழந்தையின் ஒடுங்கலை முகாம் கைதிகளின் ஒடுங்கலுக்கு ஈடாக வைத்தார். அப்படியானால் வீட்டில் காவலாளி யார்? தாய்தான் என்ற பொருள் அதில் பொதிந்திருந்தது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே மருந்து என்றும் சொல்லப்பட்டது. ஒரே வயிற்றில் பிறந்த மற்றப் பிள்ளைகள் இயல்பாக வளர்ந்துகொண்டிருந்ததை இந்தக் கோட்பாடு விளக்கவே இல்லை. இரவெல்லாம் விழித்துப் பிள்ளையைக் காத்த தாய்மார், மருத்துவர் முன் குற்றவாளிகளாய் உட்கார்ந்தார்கள். இது அறிவுத் தவறு மட்டுமன்று, கொடுமை.

இந்தக் கோட்பாட்டை உடைக்கத் தொடங்கியவர் ஒரு தந்தையே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லண்ட், தம் மகனின் நிலையைப் புரிந்துகொள்ளக் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்தார். ஆட்டிசம் உடலியல் சார்ந்தது, வளர்ப்பு முறையால் வருவதன்று என்று 1964இல் அவர் எழுதிய நூலுக்கு முன்னுரை தந்தவர் கேனரே. மறு ஆண்டு ரிம்லண்ட் தொடங்கிய பெற்றோர் சங்கத்தின் 1969ஆம் ஆண்டுக் கூட்டத்தில் கேனர் பேசினார். பெற்றோர்கள் மேல் குற்றமில்லை என்று அங்கே அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

சான்றுகள் அடுத்தடுத்து வந்தன. 1964இல் அமெரிக்காவில் ருபெல்லா அம்மை பரவியபோது கருவிலேயே அந்தத் தொற்றுக்கு ஆளான 243 குழந்தைகளில் 10 பேருக்கு ஆட்டிசம் இருந்ததாக மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் 1971இல் எழுதினார். லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் தெளிவானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளுக்கு இருவரிடமும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் மரபின் பங்கை மறுக்க அதன்பின் வழியில்லை. ஐந்து நாடுகளின் 20 லட்சம் குழந்தைகளை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டு ஆய்வு, ஆட்டிசம் வரும் வாய்ப்பில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபு வழிப்பட்டது என்று கணித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதில் பங்கேற்கின்றன. கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை உட்கொள்வது, குறைமாதப் பிறப்பு, பெற்றோரின் கூடிய வயது ஆகியவை வாய்ப்பை உயர்த்துகின்றன.

காரணத்தைத் தேடிய இடத்தில் பழி இன்னொரு முறை எழுந்தது. 1998இல் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மும்முனைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திக் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வும் எந்தத் தொடர்பையும் காணவில்லை. ஆயினும் ஊசி போட அழைத்துச் சென்றது தன் தவறோ என்று நெஞ்சு வேகும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள்.

கண்டறியும் முறையும் இதற்கிடையே விரிந்தது. ஆய்வாளர் விக்டர் லாட்டர் 1966இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் கணக்கெடுத்தபோது பத்தாயிரம் குழந்தைகளுக்கு 4.5 பேர் என்றே தெரிந்தது. ஆட்டிசம் கொண்ட மகளின் தாயும் மனநல மருத்துவருமான லோர்னா விங், ஜூடித் கூல்டோடு சேர்ந்து லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் செய்த ஆய்வை 1979இல் வெளியிட்டார். கேனரின் குறுகிய வரையறைக்குள் அடங்காத பல குழந்தைகளிடமும் பழகுதல், பேச்சு, கற்பனை மூன்றிலும் அதே சிரமங்கள் தெரிந்தன. ஆஸ்பெர்கரின் பணியை 1981இல் ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் விங்தான். பேசாத பிள்ளை முதல் பெரும் புலமை கொண்டவர் வரை ஒரே நிறமாலையில் இடம்பெறுகிறார்கள் என்ற கருத்து இங்கிருந்து பிறந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் ஆட்டிசத்தைத் தனி நிலையாக ஏற்றது. 1994இல் ஆஸ்பெர்கர் பெயரில் ஒரு பிரிவைச் சேர்த்து, 2013இல் எல்லாவற்றையும் ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 150 குழந்தைகளில் ஒருவர் என்றிருந்த கணக்கு, 2020இல் 36இல் ஒருவர் என்றானதற்கு விரிந்த வரையறையும் பெருகிய விழிப்புணர்வும் பெரும் காரணம். தம் சிரமத்தை மறைத்துப் பழகக் கற்றுக்கொள்ளும் பெண் குழந்தைகள் நெடுங்காலம் கணக்கிலேயே வரவில்லை.

இன்றும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ ஆட்டிசத்தைக் காட்டுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பிறர் பார்க்கும் திசையில் தானும் பார்க்கிறதா என்று குழந்தையைக் கவனித்தும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும்தான் முடிவு செய்யப்படுகிறது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதை முதலில் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழங்க இந்தியாவிலேயே உருவாக்கிய அளவுகோல் பயன்படுகிறது. அதில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை மிதமானது. அதற்கு மேல் தீவிரமானது.