மருத்துவர் குறிப்பிலிருந்து முதுநிலைச் சான்றிதழ் வரை: பிரிட்டனில் டிஸ்லெக்சியா ஆசிரியர் பயிற்சியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புத் திறன் குறைபாடுடைய மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பிரிட்டனில் இன்று முதுநிலை அளவில் பயிற்சி அளிக்கப்படுகிறது. இப்பயிற்சி பல்கலைக்கழகத்தில் தோன்றியதன்று. மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் உருப்பெற்றுப் பின்னரே பல்கலைக்கழகத்தை அடைந்தது. அக்குறைபாட்டின் பெயரை ஏற்பதில் அரசு காட்டிய தயக்கமே இத்தாமதத்தின் முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: டிஸ்லெக்சியா, ஆசிரியர் பயிற்சி, சொற்குருடு, பேங்கர் பல்கலைக்கழகம், ரோஸ் அறிக்கை

முன்னுரை

1896ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சசெக்ஸ் பகுதி மருத்துவர் பிரிங்கிள் மார்கன் ஒரு குறிப்பு வெளியிட்டார். அறிவுக்கூர்மையும் கணக்கில் தேர்ச்சியும் உடைய 14 வயதுச் சிறுவன் ஒருவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க இயலவில்லை. இந்நிலையை அவர் ‘பிறவிச் சொற்குருடு’ என்றார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் இவனே பள்ளியில் மிகச் சிறந்த மாணவனாக இருப்பான் என்று அவனுக்குப் பல ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்துள்ளார். இத்துறையின் தொடக்க ஆவணத்திலேயே ஆசிரியர் இடம்பெறுகிறார். ஆனால் சாட்சியாக மட்டுமே. அவருக்குச் சிக்கல் தெரிந்திருந்தது, செய்யவேண்டுவது தெரிந்திருக்கவில்லை. அதனைக் கற்பிக்கும் இடம் எதுவும் அன்று இல்லை.

அமெரிக்கக் கையேடும் பிரிட்டானிய வழிநூலும்

கிளாஸ்கோ கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1917இல் வெளியிட்ட நூலில் இத்தகைய குழந்தைகளுக்குத் தனித்தனியே கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். எனினும் கற்பிக்கும் முறை ஒன்று முழுமையாக வகுக்கப்பட்டது அட்லாண்டிக்கின் மறுகரையில்தான். நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் ஆகிய இருவரும் 1930களில் ஆசிரியர்க்கான கையேடு ஒன்றை உருவாக்கினர். எழுத்தைப் பார்த்தல், அதன் ஒலியைக் கேட்டல், வாயால் சொல்லல், கையால் எழுதல் ஆகிய நான்கையும் ஒருங்கே பிணைத்து, எளிய ஒலியிலிருந்து கடினமான எழுத்துக்கூட்டலுக்குப் படிப்படியாகச் செல்வது அம்முறை. ஓர் ஒலிக்குப் பல எழுத்துகளும் ஓர் எழுத்துக்குப் பல ஒலிகளும் உடைய ஆங்கிலத்திற்கென அமைந்தது அது. எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு நெருக்கமாக உள்ள தமிழ் போன்ற மொழிக்கு அதனை மாற்றமின்றிக் கொள்வது பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது.

இம்முறை பெரும்பாலும் ஓர் ஆசிரியரிடமிருந்து மற்றோர் ஆசிரியர்க்கு நேரடியாகக் கைமாறியது. கேத்லீன் ஹிக்கி டெக்சாஸ் மாநிலம் டாலஸிலுள்ள ஸ்காட்டிஷ் ரைட் மருத்துவமனையில் பயிற்சி பெற்று, அதனைப் பிரிட்டானிய வழக்குக்கேற்ப மாற்றியமைத்தார். 1977இல் வெளிவந்த அவரது மொழிப் பயிற்சி நூல் ஆசிரியர் பலருக்குப் பாடநூலாயிற்று. தொழில் பழகுவோர் ஆசானிடம் பழகுவது போன்ற இம்மரபு தரம் காத்தது என்பது உண்மை. ஆயினும் அதற்குப் பட்டமோ ஊதிய உயர்வோ கிடைக்கவில்லை.

1972ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் 1972ஆம் ஆண்டைத் திருப்புமுனை எனலாம். நோயுற்ற குழந்தைகளுக்கான தொண்டு அமைப்பு ஒன்று 1962இல் நடத்திய மாநாட்டின் தொடர்ச்சியாக உருவான இலண்டன் சொற்குருடு மையம் 1972இல் மூடப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த சந்தியா நாயுடுவின் ஆய்வுநூல் அவ்வாண்டே வெளிவந்தது. பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கமும், ஸ்டெய்ன்ஸ் நகரில் டிஸ்லெக்சியா நிறுவனமும் அதே ஆண்டில் தோன்றின.

அரசின் நிலைப்பாடு முரண்பட்டிருந்தது. 1970ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ‘கடும் டிஸ்லெக்சியா’ என்னும் சொல் இடம்பெற்றது. இரண்டே ஆண்டுகளில் டிசார்ட் குழு அச்சொல்லை ஏற்காது, ‘குறிப்பிட்ட வாசிப்புச் சிக்கல்கள்’ என்னும் தொடரைப் பரிந்துரைத்தது. இதனை வெறும் சொல் விவாதமாகக் கொள்வதற்கில்லை. அரசு பெயரிட மறுத்த ஒன்றுக்கு ஆசிரியர் கல்லூரிகள் பாடத்திட்டம் வகுக்கவேண்டிய கட்டாயம் எழவில்லை. பயிற்சிப் பொறுப்பு தொண்டு நிறுவனங்களின் தோளில் விழுந்தது. அங்குக் கட்டணம் செலுத்த முடிந்த பெற்றோரின் பிள்ளைகளே பெரிதும் பயன்பெற்றனர். ‘நடுத்தர வர்க்கத்தின் நோய்’ என்று டிஸ்லெக்சியா பழிக்கப்பட்டதற்கு இவ்வேற்பாடே காரணமாயிற்று. உதவி யாருக்குக் கிட்டியது என்பதை வைத்துக் குறைபாடு யாருக்கு உண்டு என்று முடிவுகட்டிய பிழை அது. டிஸ்லெக்சியா உண்டென்பதை அரசு நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக ஏற்றது 1987இல்தான்.

பேங்கரும் முதுநிலைப் பயிற்சியும்

வட வேல்ஸின் பேங்கர் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேறொரு பாதை உருவாயிற்று. உளவியல் பேராசிரியர் டிம் மைல்ஸ் 1970இல் டிஸ்லெக்சியா குழந்தைகளுக்கு உதவுவது பற்றி நூல் எழுதினார். 1980களின் தொடக்கத்தில் பேங்கர் டிஸ்லெக்சியா சோதனையை வெளியிட்டார். அவர் மனைவி எலெய்ன் மைல்ஸ் கற்பித்தலிலும் ஆசிரியர் பயிற்சியிலும் முதன்மைப் பங்காற்றினார். குழந்தைக்குக் கற்பித்தல், ஆசிரியர்க்குப் பயிற்சி, உளவியல் ஆய்வு ஆகிய மூன்றும் அங்கு ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. பேங்கரின் சிறப்பு இதுவே. மைல்ஸ் பெயர் ஆய்வுலகில் பேசப்படும் அளவுக்கு எலெய்னின் பெயர் பேசப்படுவதில்லை. கில்லிங்ஹாம் தொட்டு ஹிக்கி வரை கற்பித்தல் முறையை வகுத்தோர் பெண்கள் என்பதையும், கோட்பாட்டின் உரிமை பெரும்பாலும் ஆண் மருத்துவர்க்கும் பேராசிரியர்க்கும் சென்றதையும் இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும்.

பின்னாளில் முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்புகள் பெருகின. அவற்றில் ஒலியனியல் விழிப்புணர்வு, வாசிப்பு உளவியல் ஆகிய கோட்பாட்டுப் பாடங்களுடன், மேற்பார்வையின்கீழ் ஒரு மாணவர்க்கு நேரடியாகக் கற்பித்தலும் மதிப்பீட்டறிக்கை எழுதுதலும் இடம்பெற்றன. பழைய கைப்பழக்க மரபு இவ்வாறு மேற்பார்வைப் பாடவேளையாகத் தொடர்ந்தது. 2005இல் கல்வித்துறைப் பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, மதிப்பீட்டுப் பணிச் சான்றிதழ் பெற்ற சிறப்பாசிரியர் எழுதும் அறிக்கையும் உயர்கல்வி மாணவரின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்குச் செல்லுபடியாயிற்று. உளவியலாளர் கையிலிருந்த ஓர் அதிகாரம் ஆசிரியர்க்கும் பகிரப்பட்ட தருணம் அது.

ரோஸ் அறிக்கைக்குப் பின்

2009இல் சர் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 4,000 சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவிக்க அரசு 1 கோடி பவுண்டு ஒதுக்க முன்வந்தது. தொண்டு நிறுவனங்கள் சுமந்த பொறுப்பை அரசு இவ்வளவில் ஏற்றது அதுவே முதன்முறை. இதற்கிடையே டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜூலியன் எலியட், டிஸ்லெக்சியாவைப் பிற வாசிப்புச் சிக்கல்களிலிருந்து பிரித்தறிய அறிவியல் அடிப்படை போதாது என வாதிட்டு வந்தார். எலினா கிரிகோரென்கோவுடன் 2014இல் நூலும் வெளியிட்டார். டிசார்ட் குழுவின் ஐயமே புதிய சான்றுகளுடன் மீண்டது எனலாம். இவ்வாதம் ஏற்கப்படின், இப்பயிற்சி சிறப்பாசிரியர் சிலருக்கு உரியதா, தொடக்கப்பள்ளி ஆசிரியர் அனைவர்க்கும் உரியதா என்னும் வினா எழும். பயிற்சிச் செலவை ஏற்பவர் யார் என்பதும் அதனைப் பொறுத்தே அமையும். 1972இல் தோன்றிப் பின்னர் டிஸ்லெக்சியா ஆக்ஷன் எனப் பெயர் மாறிய ஸ்டெய்ன்ஸ் நிறுவனம் 2017 ஏப்ரலில் நிதி நெருக்கடியால் திவால் நிர்வாகத்தின்கீழ் சென்றது. அதன் ஆசிரியர் பயிற்சிப் பிரிவைத் தனியார் நிறுவனம் ஒன்று வாங்கி நடத்தி வருகிறது.