தீவகமும் ஒல்லாந்தரும் – 7: பெயர் போன முகங்கள்

குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அந்தத் தீவை டெல்ஃப்ட் என்றும் சொல்வதுண்டு. 1658இல் பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறை இருக்கும் தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க். இவற்றில் சனங்களின் வாயில் நிலைத்தது டெல்ஃப்ட்தான்.

மூல டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்தவர் ஓவியர் வெர்மீர். அவர் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்படி ஆள் இன்னாரென்று சொல்லாமல் வரையும் முகத்துக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் 'ட்ரோனி', முகம், அவ்வளவுதான். லைடனில் வான் ஃபிலீட் என்பவர் 1630களில் ரெம்பிராண்ட் வரைந்த கிழவர்களைச் செப்புத் தகட்டில் ஏற்றி அச்சிட்டார். பிற்காலத்தவர் சும்மா இருப்பார்களா? அப்படிப்பட்ட ஒரு கிழவருக்கு 'ரெம்பிராண்டின் தகப்பன்' என்று பெயர் ஒட்டிவிட்டார்கள்.

மறுபக்கம், முகத்தோடு பெயரும் நிலைக்க வேண்டும் என்று விரும்பிய நடுத்தர வகுப்பு ஒன்று அங்கே எழுந்திருந்தது. போதகர், பேராசிரியர், வைத்தியர், வணிகர். பிரபு வம்சம் இல்லை. கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் இருந்தன. எண்ணெய் ஓவியம் ஒரு வீட்டுச் சுவரோடு சரி. செப்புத் தகடோ நூற்றுக்கணக்கில் பிரதி தரும். போதகரின் படத்தை அவருடைய சபையாரே வாங்கி வைத்துக்கொள்ளலாம். படத்தின் கீழே பெயர், பதவி, இரண்டு வரிப் பாட்டு. ஆனால் படம் சேர்ப்பவர்கள் ஓரத்தைக் கத்தரித்து ஒட்டும் வழக்கம் உண்டு. கத்தரி பட்டால் பெயர் போய்விடும், முகம் மட்டும் மிஞ்சும்.

யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த போதகர் பிலிப்பு பால்தேயுவும் டெல்ஃப்ட்டில் அதே 1632இல் பிறந்தவர். இலங்கை பற்றிய அவருடைய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. புளோட்லிங் செதுக்கிய அவர் முகம் அதில் பெயரோடு இருக்கிறது. அதே நூலிலுள்ள வலிகாமத்துத் தேவாலயப் படங்களின் முன்புறத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள், எறும்பு அளவில், பெயரில்லாமல். நம்மவர் பெயர்களை ஒல்லாந்தர் எழுதாமல் விடவில்லை. வரிக்கும் கட்டாய ஊழியத்துக்கும் தோம்பு என்ற பதிவேட்டில் காணியோடு சேர்த்துப் பதிந்தார்கள். தோம்பில் முகம் ஏது?

1668இல் யோகான் டி லா ரொக்கெட் வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் பால்தேயுவின் பக்கத்தில் கீழைத்தேயத்தவர் ஒருவர். பெயர் கெரிட் மொசொப்பொத்தம். முன்பாதி ஒல்லாந்துப் பெயர்; பின்பாதி, மசூலிப்பட்டினம்தான் இப்படித் திரிந்ததோ என்று எண்ண வைக்கிறது. பெற்ற தாய் அவரை எப்படிக் கூப்பிட்டாள் என்பது படத்தில் இல்லை.

(தொடரும்)