றொசல்ல வளைவு

சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் துவிச்சக்கர வண்டிகளை வடிவமைப்போர் நன்கறிந்த உண்மையொன்று உண்டு. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கூடினால் வண்டி நேர்ப்பாதையில் தளம்பாமல் ஓடும். வளைவிலோ எளிதில் திரும்பாது. நமது மலையகப் புகையிரதமும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியதுதான்.

1874 இல் நாவலப்பிட்டிக்கு வந்த பாதை, வட்டவளை, றொசல்ல வழியாக 1884 இல் ஹட்டனை எட்டியது. கோப்பிக்காகக் கேட்கப்பட்ட பாதை அது. ஹட்டனை அடைந்தபோது கோப்பி நோயில் மடிந்து, தேயிலை தலையெடுத்திருந்தது. மலைச்சரிவை ஒட்டியே தண்டவாளம் வளைந்து வளைந்து ஏறியது. ஏற்றம் 44 அடிக்கு ஓரடி. மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரை ஏறக்குறைய 100 மீற்றர்.

துவிச்சக்கர வண்டியில் செல்பவர் வளைவில் உடலைச் சாய்ப்பார். புகையிரதத்துக்கு அது இயலாது. ஆகவே வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் பாதையையே சாய்த்தார்கள். அதுவும் போதாது. தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீற்றர் அகலம். அத்தகைய வளைவில் உட்சக்கரம் 100 மீற்றர் செல்கையில் வெளிச்சக்கரம் சுமார் 1.7 மீற்றர் கூடுதலாகச் செல்லவேண்டும். இரண்டுமோ ஒரே அச்சில் இறுகியவை. சக்கரங்கள் சற்றே கூம்பு வடிவில் கடையப்பட்டிருப்பது ஓரளவு உதவுகிறது. எஞ்சியதைச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் சறுக்கி உராய்ந்தே ஈடுகட்டுகின்றன. வளைவில் நாம் கேட்கும் கிறீச்சொலி அதுதான்.

ஏற்றத்துக்கு வலிய எஞ்சின் வேண்டும். வலிய எஞ்சின் நீளமானது. நீளமானது வளைவில் இறுகும். இதற்கு விடையாக ஹேர்பேட் வில்லியம் கராட் 1907 இல் காப்புரிமை பெற்ற வடிவம் அமைந்தது. முன்னும் பின்னும் இரு சக்கரத் தொகுதிகள் தனித்தனியே திரும்ப, கொதிகலன் அவற்றின் நடுவே தாங்கப்பட்டிருக்கும். மான்செஸ்டரின் பேயர் பீக்கொக் நிறுவனம் கட்டிய அத்தகைய எஞ்சின் 1927 இல் இலங்கைக்கு வந்தது. 1945 இல் மேலும் 8 கட்டப்பட்டன.

இத்தனை கணக்கும் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கத்தான். அந்தத் தேயிலையை வளர்த்த நம்மவரோ 1948 இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னார் நோக்கி அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். ஹட்டனில் ஏறியவர்களும் இதே றொசல்ல வளைவுகளைக் கடந்துதான் இறங்கினார்கள். வளைவில் எந்த வண்டியும் மெதுவாகத்தான் போகவேண்டும். பிறந்த மலையைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.