படமின்றி வெளிவந்த இசைத்தட்டு: சார்ளி பிறைட்டின் எழுச்சி

'கன்ட்றி' இசை அமெரிக்கத் தென்மாநில வெள்ளை உழவரின் இசை என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. இக்கருத்தை உருவாக்கியதில் சந்தைக்குப் பெரும் பங்குண்டு. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பரின் பாடல்களை 'இனத் தட்டுகள்' என்றும், கிராமிய வெள்ளையரின் பாடல்களை 'மலைநாட்டார்' பாடல்கள் என்றும் வகுத்து விற்றன. வயல்வெளியிலோ இத்தகைய வரம்பு இருக்கவில்லை. இவ்விசைக்கே அடையாளமாகக் கருதப்படும் பான்ஜோ, ஆபிரிக்க அடிமைகள் வழிவந்த கருவியாகும்.

இப்பின்னணியிலேயே சார்ளி பிறைட்டை நோக்குதல் வேண்டும். 1934 இல் மிசிசிப்பி மாநிலத்தின் சிலெட்ஜ் என்னும் சிற்றூரில், பருத்தி வாரக்குடிகளின் பதினொரு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். சனி இரவுகளில் தந்தையின் வானொலி நாஷ்விலின் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' நிகழ்ச்சியை வீட்டிற்குள் கொணர்ந்தது. வானொலி கேட்போரின் நிறத்தை வினவுவதில்லை அன்றோ! பதினான்காம் வயதில் அவருக்கு முதற் கிற்றார் வாய்த்தது. ஆயினும் பருத்தி வயலினின்றும் வெளியேற அவர் தேர்ந்த வழி பேஸ்போல் ஆட்டமே. கறுப்பருக்கெனத் தனித்திருந்த அணிகளில் பந்தெறிந்தார். 1960 இல் மொன்டானா சென்று உலோக உருக்காலையில் தொழிலாளியானார். ஆலை அணிக்கு ஆடினார். ஆட்டத்திற்கு முன் பாடுவதற்கெனத் தனியாகப் பத்து டொலர் பெற்றார்.

1965 இல் செற் அற்கின்ஸ் அவரை ஆர்.சி.ஏ. நிறுவனத்திற் சேர்த்தார். மறு ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தட்டு, பாடகரின் படமின்றியே வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது. இதனைத் துணிவு என்பாருமுளர். என் கருத்தில் இது வணிகரின் எச்சரிக்கையே: நிறுவனம் காழ்ப்பை எதிர்க்கவில்லை, அதன் கண்ணை மறைத்தது. எதிர்கொள்ளும் சுமை பாடகர்மீதே விழுந்தது. 1966 இல் டெற்றோயிற் மேடையில் அவர் தோன்றியதும் கரவொலி அடங்கிப்போயிற்று. தமது நிறத்தைத் தாமே நகையாடிச் சபையைத் தளர்த்திய பின்னரே பாடினார். பாடியபின் கரவொலி மீண்டது.

1967 இல் ஒப்ரி மேடையிற் பாடினார். கறுப்பரான ஹார்மோனிக்கா கலைஞர் டிபோர்ட் பெய்லி 1941 இல் விலக்கப்பட்டதும் அதே நிகழ்ச்சியிலிருந்துதான். 1971 இல் கன்ட்றி இசைச் சங்கத்தின் அவ்வாண்டின் சிறந்த கலைஞர் விருது பிறைட்டுக்கு வழங்கப்பட்டது. அவரது பாடலொன்று இறுதியாகக் கன்ட்றி வரிசையில் முதலிடம் பெற்றது 1983 இல்; தனிப் பாடகராக மற்றொரு கறுப்பர், டேரியஸ் றக்கர், அவ்விடத்தை எய்தியது 2008 இல்.