கிட்டியும் விரல்ரேகையும்

காவல் என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. ஊரைக் காத்தலும் பயிரைக் காத்தலும் வழிப்போக்கரைக் காத்தலும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. ஆயின், இந்நாளில் காவல் நிலையம் என்றதும் எளிய மக்களின் நெஞ்சில் அச்சமே முந்தி நிற்கிறது. களவு கொடுத்தவன்கூட முறையிடச் செல்லும்முன் துணைக்கு ஒரு பெரிய மனிதரைத் தேடுகிறான். காக்கும் இடத்தைக் கண்டு காக்கப்பட வேண்டியவனே அஞ்சும் இந்நிலை எவ்வாறு உருவாயிற்று? நம் நாட்டுக் காவல்துறையைப் பற்றி இன்று எழும் கேள்விகளில் பெரும்பாலானவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்தவை. அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

காத்தவனே ஈடு கொடுத்த காலம்

பாளையக்காரர் காலத்தில் தென்பாண்டிச் சீமையில் ஊர்க்காவலுக்கெனத் தலையாரிகளும் காவற்காரர்களும் இருந்தனர். ஓர் ஊருக்கு உரியது தலக்காவல். பல ஊர்களுக்குப் பொதுவானது தேசக்காவல். விளைச்சலில் ஒரு பங்கு காவற்கூலியாக அளக்கப்பெற்றது. ஊரில் களவு போனால் காவற்காரன் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க இயலாவிடில் இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்பதே அம்முறையின் உயிர்நாடி.

வடபுலத்து முகலாய ஆட்சியிலும் இதே நெறியைக் காண்கிறோம். அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்ல் தமது ‘ஆயினே அக்பரி’யில் நகரக் காவல் தலைவனான கொத்தவாலின் கடமைகளை விரித்துரைக்கிறார். வீடுகளுக்குப் பதிவேடு வைத்தல், இரவில் ரோந்து, அங்காடியில் நிறையும் விலையும் கண்காணித்தல் முதலியவற்றோடு, திருடனையும் திருடிய பொருளையும் கண்டுபிடிக்கத் தவறின் அவ்விழப்புக்கு அவனே பொறுப்பு என்றும் அந்நூல் விதிக்கிறது. சென்னையின் கொத்தவால் சாவடி என்னும் பெயரில் அப்பதவியின் நினைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய முறை குறையற்றது என்று நாம் கூற வரவில்லை. காவற்கூலி கொடாத ஊரில் மாடுகள் காணாமற் போனதும், துப்புக்கூலி கொடுத்த பின் அவை திரும்பி வந்ததும் உண்டு. எனினும், காவல் தவறினால் காத்தவனைக் கேட்கலாம் என்ற உரிமை ஊராருக்கு இருந்தது. அந்த உரிமை போன கதைதான் பின்வருவது.

வரி வாங்கிய கையில் விலங்கு

1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களுடைய காவல் உரிமையைப் பறித்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் காவல் அதிகாரத்தைக் கலெக்டரிடமும் அவருக்குக் கீழ்த் தாசில்தாரிடமும் ஊர்த் தலைவரிடமும் ஒப்படைத்தன. வரி தண்டுவோரும் அவர்களே. குற்றம் விசாரிப்போரும் அவர்களே. வரி கட்ட வழியற்ற குடியானவன் யாரிடம் துன்புற்றானோ அவரிடமே முறையிட வேண்டியவனானான்.

இதன் விளைவு 1854 ஜூலையில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேச்சாக எழுந்தது. சென்னை மாகாணத்தில் வரி தண்டச் சித்திரவதை கையாளப்படுகிறது என்ற குற்றச்சாட்டை ஆராய எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் குழு அமைக்கப்பெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நடந்தே வந்து வாக்குமூலம் அளித்தனர். 1855இல் வெளிவந்த அறிக்கை, வரிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் சித்திரவதை நடப்பது மெய்யே என உறுதி செய்தது.

அவ்வறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றன. ஒன்று கிட்டி: கைவிரல்களையோ உடலின் பிற உறுப்புகளையோ இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் கருவி. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்து, ஆளைக் குனிந்த நிலையில் வெயிலில் நிறுத்துவது. எத்தனையோ அரிய தமிழ்ச் சொற்கள் இருக்க, ஆட்சியாளரின் ஆவணத்தில் நம் மொழி இவ்வாறு ஏறியதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது. இவ்வறிக்கையைக் கொண்டு கார்ல் மார்க்ஸ் 1857இல் ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ இதழில் ஒரு கட்டுரையே எழுதினார்.

அறிக்கை கீழ்நிலை உள்நாட்டு அலுவலர்மேல் பழியைச் சுமத்தி, வெள்ளை அதிகாரிகளைப் பெரிதும் விடுவித்தது. அடித்தவன் சேவகனாயிருக்கலாம், இவ்வளவு வரி இந்த நாளுக்குள் வந்தாக வேண்டும் என ஆணையிட்டவர் யார் என்ற வினாவை அது ஆழமாகத் தொடவில்லை. அடித்த கையைக் காட்டி ஆணையிட்ட வாயை மறைக்கும் அவ்வழக்கம் இன்றும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

அயர்லாந்திலிருந்து வந்த அச்சு

வருவாய்த்துறையையும் காவல்துறையையும் பிரிக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. அதன் வழியே 1859இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் பிறந்தது. 1857 எழுச்சியின் அதிர்ச்சி ஆறுமுன் இயற்றப்பெற்ற சட்டம் அது. 1861இல் இந்தியக் காவல் சட்டம் தொடர்ந்தது.

இங்கிலாந்தில் அப்போது இருவகைக் காவற்படைகள் இருந்தன. 1829இல் ராபர்ட் பீல் அமைத்த லண்டன் காவற்படை பெரும்பாலும் ஆயுதமின்றித் தெருவில் மக்களோடு நடமாடியது. அடிமைப்பட்ட அயர்லாந்திலோ, படைவீரர்போல் ஆயுதம் தாங்கிப் பாசறையில் வாழும் காவற்படை இருந்தது. நமக்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றது பின்னதே. காவலர் தம் மேலதிகாரிக்கும், மேலதிகாரி அரசுக்கும் பதில் சொல்வர். ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் அவ்வமைப்பில் எங்கும் இல்லை. களவு போனால் ஈடு கேட்கும் பழைய உரிமை அத்தோடு மறைந்தது.

எனினும் சட்டம் இயற்றியவர்கள் காவலரின் கையை அறிந்தே இருந்தனர். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என விதித்தது. தம் காவலரைத் தாமே நம்பாத அரசின் சட்டம் அது. அதனை வரைந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், ஓர் அலுவலர் கூறியதைப் பின்னர் எழுதி வைத்தார். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் அமர்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது எளிது என்பதே அக்கூற்றின் கருத்து. சித்திரவதைக்கு வேராக அமைந்தது கொடுமனம் மட்டுமன்று, சோம்பலுமே என்பதை இதைவிடத் தெளிவாக உரைக்க இயலாது.

பேசாத சாட்சி

வெயிலில் அலையாமல், மிளகாய்ப்பொடியும் தேய்க்காமல் உண்மையை அறிய ஒரு வழி இந்த மண்ணிலேயே பிறந்தது. வங்காளக் காவல்துறையில் பணியாற்றிய காஜி அஜீஸுல் ஹக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். விரல்ரேகைகளை 1,024 பிரிவுகளாக வகுத்து, ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒன்றைச் சில நிமிடங்களில் எடுக்கும் கணித முறையை அமைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஹேமசந்திர போஸ் அவருக்குத் துணைநின்ற மற்றோர் அறிஞர். 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு தொடங்கிற்று. 1901இல் அம்முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது. ஆனால் அதன் பெயர், மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராயிற்று. ஹக்கின் உழைப்பை அரசு பல ஆண்டுகள் கழித்தே ஏற்று, 5,000 ரூபாய் பரிசளித்தது.

பெயர் போனது ஒருபுறம் இருக்கட்டும். உலகுக்கு விரல்ரேகையைக் கொடுத்த நாடு தன் சொந்தக் காவல் நிலையங்களில் கிட்டியை ஏன் கைவிடவில்லை என்பதே நாம் வருந்த வேண்டிய செய்தி. அறிவியல் கருவி கிடைத்தும் அதனைப் பயிற்றுவிக்கப் பணம் இல்லை, தடி மலிவாயிருந்தது. 1902–03இல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான குழு, காவல்துறை திறமையற்றது, ஊழல் நிறைந்தது, கொடுமை செய்வது என முடிவு கூறிற்று.

பின்வந்த ஆண்டுகள் அதனை மெய்ப்பித்தன. ஒரு காலத்தில் ஊர்களைக் காத்த மரபினரான பிரமலைக் கள்ளர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் விரல்ரேகை பதியுமாறு வற்புறுத்தப்பெற்றனர். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். குற்றவாளியைப் பிரித்தறியப் பிறந்த கருவி ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் கருவியாயிற்று. 1921 நவம்பரில் திரூரிலிருந்து காற்றுப்புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பெற்ற மாப்பிள்ளைக் கைதிகள் 60க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி மாண்டனர்; கோவையை அடுத்த போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோதுதான் உலகம் அதனை அறிந்தது. காவலில் உள்ளவனின் உயிர் யார் பொறுப்பு என்ற வினாவை அந்தப் பெட்டி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலை தரவில்லை. நெருக்கடிநிலையின் கசப்புக்குப் பின் 1977இல் தரம்வீரா தலைமையில் தேசியக் காவல் ஆணையம் அமைந்து, 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் அளித்தது. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை விசாரணை கட்டாயம் என்றும், புதிய சட்டம் வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அறிக்கைகள் அலமாரியில் உறங்கின.

அரசுகள் செய்யாததை நீதிமன்றம் செய்ய முற்பட்டது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கைது செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய 11 விதிகளை வகுத்தது. முன்னாள் காவல் தலைவர் பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006இல் ஏழு கட்டளைகள் பிறந்தன. தலைமை அதிகாரிக்கு ஈராண்டுப் பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரித்தல், மக்கள் முறையிடத் தனி ஆணையம் முதலியன அவற்றுட் சில. மாநில முறையீட்டு ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்பது கட்டளை.

தமிழகம் 2013இல் ஒரு காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர்; மாவட்டத்தில் தலைவர் கலெக்டர்! 1855இல் மக்கள் நடந்தே வந்து எந்த அமைப்பின்மேல் முறையிட்டனரோ, அதன் தலைவரிடமே 2013இல் முறையீடு ஒப்படைக்கப்பெற்றது. இன்றைய கலெக்டர் கம்பெனியின் கலெக்டர் அல்லர்தாம். எனினும் அரசின் ஒரு கையைப் பற்றி அரசின் மறு கையிடம் முறையிடுவது நீதியாகுமா?

வாச்சாத்தி இதற்கு விடை கூறும். 1992 ஜூனில் அந்த மலையடிவாரச் சிற்றூரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்தே புகுந்தன. குற்றஞ்சாட்டப்பெற்ற 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பெற்றனர். 2023இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நீதி கிடைத்தது, கிடைக்க ஒரு தலைமுறை ஆயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறிக் கைது செய்யப்பெற்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து மாண்டனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்கே காவல் நிலையத்தில் ஒத்துழைப்பு மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தடயங்கள் அழியாதிருக்க அந்நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்க ஆணையிட்டது. வருவாய்த்துறையின் கொடுமையிலிருந்து மக்களைக் காக்கப் பிரிக்கப்பெற்ற காவல்துறையை, 161 ஆண்டுகளுக்குப் பின் வருவாய்த்துறையைக் கொண்டே காக்க வேண்டி வந்தது! மத்தியப் புலனாய்வுத்துறை அதனைக் கொலை வழக்காகவே பதிவு செய்தது. அந்த இருளிலும், கண்டதை அஞ்சாமல் நடுவரிடம் கூறிய ஒரு பெண் தலைமைக் காவலரை மறக்கலாகாது. காவல்துறையின் மானத்தை அன்று அவரே காத்தார்.

இனிச் செய்ய வேண்டுவன

இன்று குற்றத்தின் முகம் மாறிவிட்டது. கத்தியின்றி, கதவு உடைக்காமல், கைப்பேசி வழியே ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பு களவாடப்படுகிறது. தடியைக் காட்டி இத்திருடனைப் பிடிக்க இயலாது; கணக்கும் கணினியும் பொறுமையும் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியலாரின் ஆய்வை வற்புறுத்துகின்றன. இது வரவேற்கத்தக்கது. அதே சட்டங்கள் 15 நாள் காவல்துறைக் காவலைப் பல தவணைகளாகப் பிரித்துக் கோரவும் வழி வைத்துள்ளன. ஒரு கையில் விரல்ரேகை, மறு கையில் கிட்டி என்னும் பழைய தடுமாற்றம் இன்னும் தீர்ந்தபாடில்லை. முகம் கண்டறியும் கருவிகளும் வந்துவிட்டன. பெருங்காமநல்லூரை அறிந்தோர், அக்கருவி யாரை நோக்கித் திருப்பப்படும் என்று கேட்பது இயல்பே.

காவலரின் துன்பத்தையும் நாம் நினைக்க வேண்டும். நேரவரம்பற்ற வேலை, மேலிடத்து நெருக்கடி, ‘நாளைக்குள் குற்றவாளி வேண்டும்’ என்ற ஆணை ஆகியவற்றுக்கு நடுவே நிற்பவர் அவர். தமிழகத்தில் காவலர்க்கு வார ஓய்வு வழங்கும் ஆணையே 2021இல்தான் பிறந்தது. ஓய்வும் மதிப்பும் அறியாதவரிடம் பிறர்மேல் பரிவை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. அதனை ஏற்று உறுதி செய்யும் கடமை இன்னும் நிறைவேறவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சட்ட முன்வரைவும் காலாவதியாயிற்று. அச்சட்டம் வர வேண்டும். முறையீட்டு ஆணையத்துக்கு நீதிபதி தலைமை ஏற்க வேண்டும். புலனாய்வுக்குத் தனிப்பிரிவும் தனிப்பயிற்சியும் வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கோரிக்கையன்று. 1855இல் நடந்து வந்த குடியானவர்கள் கேட்டதும் சாரத்தில் இதுவே: எங்களைக் காப்பவர் எங்களுக்குப் பதில் சொல்லட்டும். பழைய ஊர்க்காவலனிடம் நம் முன்னோர் கேட்ட அந்த ஈட்டைக் குடியரசின் காவலரிடம் கேட்க நமக்கு உரிமை இல்லையா?