குடல் கழுவு மருந்துகள்

பெருங்குடல் அகநோக்கல், அதாவது மக்கள் வழக்கில் கொலோனோஸ்கோப்பி எனப்படும் பரிசோதனைக்கு முன்னர், குடலில் மலம் சிறிதும் எஞ்சாதபடி அதைக் கழுவி எடுப்பதற்காக நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் மருந்துகள் குடல் கழுவு மருந்துகள் எனப்படும். மலவாய் வழியே செல்லும் குழல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலைக் கடந்து, சிறுகுடல் வந்து சேரும் பெருங்குடல் வாய் வரை உட்சுவரைப் படம்பிடித்துக் காட்டும். சுவரின் மேல் மலம் படிந்திருந்தால் அதன் அடியில் உள்ள சிறு புண்ணோ தட்டையான கட்டியோ கண்ணில் படாது. ஆகவே பரிசோதனையின் தரத்தில் பெரும்பங்கு, மருத்துவர் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, நோயாளியின் வீட்டில் முந்தைய இரவிலும் அன்றைய விடியலிலும் முடிவாகிவிடுகிறது.

வயிற்றைக் கழிய வைப்பது தமிழ் மருத்துவத்துக்குப் புதியதன்று. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து கொள்வதை நலவாழ்வின் ஒழுங்காகவே சொல்கிறது. விளக்கெண்ணெய், நிலாவரை, கடுக்காய் ஆகியவை வீட்டு மருந்துகளாக இருந்தன. நேர்வாளம் சேரும் அகத்தியர் குழம்பு போன்றவை வைத்தியரின் மேற்பார்வையில் மட்டும் கொடுக்கப்பட்டன. விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடலின் மென்தசையைச் சுருங்கத் தூண்டுகிறது என்பது நெடுங்காலம் தெரிந்த செய்தியே எனினும், அது குடற்சுவரின் எந்த உணர்வேற்பியைத் தொட்டு அவ்வாறு செய்கிறது என்பது 2012இல்தான் தெளிவாயிற்று.

இவற்றுள் நிலாவரைக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு முதல் திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலங்களில் பயிரிடப்பட்டுத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய இவ்விலை, உலக மருந்து நூல்களில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர் பெற்றது. இதன் வேதிப்பொருளான சென்னோசைடு 1940களில் பிரித்தெடுக்கப்பட்டது. மேலைநாடுகளில் பேரியம் எக்ஸ்ரேவுக்கும் பின்னர் அகநோக்கலுக்கும் நோயாளிகளை ஆயத்தப்படுத்திய சென்னா கரைசல்களில் தென்தமிழகத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த இலையும் சேர்ந்திருந்தது. இந்தப் பங்கைக் குடலியல் நூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

எனினும், பேதிக்குக் கொடுப்பது வேறு, குடற்சுவரைத் துலக்குவது வேறு. பேதி மருந்து குடலை முறுக்கித் தள்ளும். தள்ளிய பிறகும் சுவரில் பிசின் போன்ற படலம் நிற்கும். நலத்துக்காகக் கழிபவருக்கு அதனால் குறையில்லை, ஆனால் சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியைத் தேடும் மருத்துவருக்கு அந்தப் படலமே திரையாகிவிடும்.

கருவியின் வரலாற்றோடுதான் மருந்தின் வரலாறும் நடந்தது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹரால்டு ஹாப்கின்சுடன் சேர்ந்து 1954இல் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அவ்விழைகளைக் கொண்டு வயிற்றைப் பார்க்கும் குழலைச் செய்தார். நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய இருவரும் 1969இல் பெருங்குடல் முழுவதையும் பார்க்கத் தொடங்கியதுடன், குடலில் தொங்கும் தசைக்கட்டியைக் கம்பிச் சுருக்கிட்டு மின்சாரத்தால் அறுத்தெடுக்கவும் வழி கண்டனர். அக்காலத்தில் நோயாளி இரண்டு மூன்று நாள் நீராகாரத்தில் இருந்து, விளக்கெண்ணெயோ சென்னாவோ குடித்து, இறுதியில் இனிமாவும் ஏற்க வேண்டியிருந்தது. முதியோரும் சர்க்கரை நோயாளிகளும் அந்த மூன்று நாளில் துவண்டுபோயினர்.

1973இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர்கள் வேறொரு வழியைக் காட்டினர்: மூக்கு வழியே குழாய் இட்டு, 10 லிட்டர் அளவுக்கு உப்புநீரை இரைப்பையில் செலுத்தி, மலவாயில் தெளிந்த நீர் வரும்வரை குடலை அலசுவது. சில மணி நேரத்தில் குடல் தூய்மையாயிற்று. ஆனால் அந்த உப்பும் நீரும் ஓரளவு உடலுக்குள் உறிஞ்சப்பட்டதால் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவர்களுக்கு அம்முறை ஆபத்தாக அமைந்தது. மாற்றாக வந்த மானிடால், மூளை வீக்கத்தைக் குறைக்க நரம்பில் ஏற்றும் சர்க்கரை ஆல்கஹால் ஆகும். மலிவாகவும் இனிப்பாகவும் இருந்ததால், நரம்பில் ஏற்ற வேண்டிய அந்தப் பாட்டிலையே குடிக்கக் கொடுக்கும் வழக்கம் இந்தியாவிலும் பரவியது. குடலின் நுண்ணுயிரிகள் மானிடாலைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும் என்பதை மருத்துவ உலகம் கொடிய விலை கொடுத்து அறிந்தது: 1979இல் பிரான்சில், மானிடால் குடித்திருந்த ஒருவரின் குடற்கட்டியை மின்கம்பியால் அறுத்தபோது குடலுக்குள் வாயு வெடித்து அவர் இறந்துபோனார்.

திருப்பம் 1980இல் டல்லாஸ் நகரில் ஏற்பட்டது. ஜான் ஃபோர்ட்ரானும் அவருடன் உழைத்தவர்களும், குடல் உறிஞ்சவும் சுரக்கவும் காரணம் இல்லாத ஒரு கரைசலை வடிவமைத்தனர். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீண்ட மூலக்கூறு குடற்சுவரைக் கடக்காது. தன்னோடு வந்த நீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். சோடியம் சல்பேட்டிலுள்ள சல்பேட்டைக் குடல் எளிதில் ஏற்பதில்லையாதலால், அதன் துணையான சோடியமும் பின்தங்கிவிடும். இரத்தத்தின் அடர்த்திக்கு இணையாக அமைந்த இக்கரைசல், குழாய்க்குள் ஓடும் நீரைப் போல, உடலிலிருந்து எதையும் எடுக்காமலும் உடலுக்கு எதையும் கொடுக்காமலும் குடலைக் கடந்து வெளியேறுகிறது.

இதன் நுட்பத்தை வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். அதில் குளுக்கோஸ் சோடியத்தைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறது, நீர் அவற்றைத் தொடர்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000இல், எளிதில் செரிக்காத மாவுப்பொருளை அக்கரைசலில் சேர்த்தால் காலரா நோயாளியின் பேதி விரைவில் நிற்கிறது என்று காட்டியதும் குடலை உறிஞ்ச வைக்கும் இந்த முயற்சியின் தொடர்ச்சியே. குடல் கழுவு மருந்தின் நோக்கம் இதற்கு நேரெதிரானது. எனவேதான், கரைசலின் உப்புக்கரிப்பு தாங்காமல் அதில் சர்க்கரை கலந்து குடிப்பது அடிப்படையிலேயே தவறாகிறது. இதனை மருந்துச் சீட்டோடு நோயாளிக்குச் சொல்லியனுப்புவது நல்லது.

மேலைநாட்டில் இக்கரைசல் 4 லிட்டராக வழங்கப்பட்டது. இந்தியாவில் பரவலானது அதன் பாதி அளவு. சென்னையைச் சேர்ந்த டேப்லட்ஸ் இந்தியா நிறுவனத்தின் பெக்லெக் பொடி தமிழகத்து மருந்துக் கடைகளில் பழகிய பெயர், 137.15 கிராம் எடையுள்ள அதன் பொட்டலத்தில் 118 கிராம் பாலிஎத்திலீன் கிளைக்காலும் 11.36 கிராம் சோடியம் சல்பேட்டும், எஞ்சிய பங்கில் சாதாரண உப்பு, பொட்டாசியம் குளோரைடு, சோடா உப்பு ஆகியவையும் உள்ளன. பொட்டலத்தைப் பிரித்து 2 லிட்டர் குடிநீரில் கொட்டிக் குலுக்கினால் முதலில் கலங்கிப் பின்னர் தெளியும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தம்ளராகக் குடித்துவர, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வயிறு இரையத் தொடங்கும். முதலில் கட்டியும் பிறகு குழம்பும் வெளியேறி, முடிவில் திப்பி இல்லாத வெளிர்மஞ்சள் நீர் மட்டும் வர வேண்டும்; அந்த மஞ்சள் பித்தத்தின் நிறமாதலால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குளிரவைத்துக் குடித்தால் கரிப்பு குறைவாகத் தெரியும்.

இரண்டு லிட்டரும் மிகை என்று எண்ணியோருக்குச் சோடியம் பாஸ்பேட் வரமாகத் தோன்றியது. 1990 முதல் 45 மில்லி வீதம் இருமுறை என்ற சிறிய அளவே போதுமென்று அது பரவியது. ஆனால் அது குடற்சுவர் வழியே உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துக் கழுவும் மருந்தாகும். அவ்வாறு உடல் வறண்ட நிலையில் பாஸ்பேட் மிகுந்து, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்தது. 2005இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் இவ்வாறு சிறுநீரகம் கெட்ட 21 பேரைப் பற்றி எழுதினர்; அவர்களுள் நால்வர் நிலையான டயாலிசிசுக்கு ஆளாயினர். 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்ததும் அதன் பயன்பாடு சுருங்கியது. கத்திரி வெயிலில் உழைத்து, தாகம் எடுத்த பிறகே தண்ணீர் குடிக்கும் மதுரை வட்டாரத்து உழைப்பாளிக்கு இம்மருந்து எவ்வளவு கேடாக முடியும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் நெடுநாள் வழங்கிய பிக்கோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த மருந்து குடிக்க எளிது. சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் மெக்னீசியம் வெளியேறாமல் தேங்குமாதலால் அதுவும் அனைவருக்கும் உரியதன்று. 2006இல் வந்த, வைட்டமின் சி சேர்த்த 2 லிட்டர் கரைசலும், 2010இல் வந்த சல்பேட் உப்புக் கரைசலும் அளவைக் குறைப்பதில் வெற்றி பெற்றன.

மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வுகள் பல்கிய பிறகு ஒரு செய்தி தெளிவாயிற்று: எந்த மருந்து என்பதைவிட எப்போது குடிப்பது என்பதே பெரிது. முழுவதையும் முந்தைய மாலையிலேயே குடித்து முடித்தால், இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து வழியும் பித்தமும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கத்தை மீண்டும் மூடிவிடுகின்றன. பாதியை மாலையிலும் மறுபாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பே முடித்தால் வலப்பக்கம் துலங்கும். இந்தப் பிரித்துக் குடிக்கும் முறையை 2014இல் அமெரிக்கக் குடலியல் சங்கங்களின் கூட்டுக்குழு உறுதியாகப் பரிந்துரைத்தது. தூய்மையை அளப்பதற்கு, குடலை மூன்று பகுதியாக்கி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் பாஸ்டன் அளவுகோல் 2009 முதல் வழக்கில் உள்ளது. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 பெற்றால்தான் தேர்ச்சி.

வலப்பக்கத்தின் தூய்மை தமிழகத்துக்கு மேலும் ஒரு காரணத்தால் இன்றியமையாதது. மேலைநாட்டில் அகநோக்கலின் முதன்மை நோக்கம் நோய்க்குறி இல்லாதோரிடமும் புற்றுநோயை முன்கூட்டித் தேடுவது. இங்கோ பெரும்பாலோர் இரத்தப்போக்கு, எடை குறைதல், நெடுநாள் வயிற்றுவலி எனத் தொல்லை முற்றிய பின்னரே வருகின்றனர். அவர்களுள் குடற்காசநோயாளரும் உண்டு. குடற்காசம் மிகுதியாகத் தாக்குவது சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தையே, அதாவது ஆயத்தம் முதலில் தவறும் அதே வலக் கோடியை. காசநோய்க்கும் குரோன் எனும் குடல் அழற்சிக்கும் உள்ள வேறுபாட்டை அங்குள்ள புண்ணின் வடிவமும் அதிலிருந்து கிள்ளியெடுக்கும் திசுவுமே காட்ட வேண்டும். சோடியம் பாஸ்பேட்டும் சில வேளை பிக்கோசல்பேட்டும் தாமே சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி மருத்துவரைக் குழப்பும் என்பதால், இந்த ஐயம் உள்ள நோயாளிக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலே ஏற்றது.

மதுரையின் தெற்கே, திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கப்பலூர், குடற்காசம், மருந்து குடிக்கும் நேரம் ஆகிய இவ்விரு செய்திகளும் சந்திக்கும் இடமாகும். பக்கத்தில் தோப்பூர் ஆஸ்டின்பட்டியில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. காசம் என்பது இவ்வட்டாரத்துக்குத் தொலைவிலுள்ள சொல் அன்று. கப்பலூரிலேயே சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. அகநோக்கலுக்கோ மதுரை நகரத்து மருத்துவமனைக்குப் பஸ் ஏற வேண்டும். காலை 9 மணிப் பரிசோதனைக்கு மறுபாதி மருந்தை விடியற்காலை 4 மணி வாக்கில் தொடங்கி 6 மணிக்குள் முடிக்க வேண்டியிருக்க, அதற்குப் பின்னும் ஓரிரு மணி நேரம் வயிறு ஓயாது. கழிப்பறை இல்லாத பஸ்ஸில் அந்த நேரத்தைக் கழிக்க அஞ்சி, மறுபாதியைக் குடிக்காமலே வந்துவிடுபவர்களைக் குறை சொல்வது முறையன்று. அவர்களுக்கு முற்பகல் இறுதியிலோ பிற்பகலிலோ நேரம் ஒதுக்குவதே முறை. பிற்பகல் 2 மணி என்றால், காலை 8 மணிக்கு மறுபாதியைத் தொடங்கி, 10 மணிக்குள் முடித்து, வயிறு அடங்கிய பின் நிதானமாகப் பஸ் ஏறலாம். தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடிந்து வருபவர்களுக்கு முழு மருந்தையும் அன்று காலையிலேயே குடிக்கும் முறையும் பிற்பகல் பரிசோதனைக்குச் சான்றுடன் ஏற்கப்பட்டதே.

உணவு விதியும் தளர்ந்துள்ளது. மூன்று நாள் பட்டினி இப்போது யாருக்கும் விதிக்கப்படுவதில்லை. முந்தைய ஒரு நாள் சக்கை குறைந்த உணவு போதும் என்று 2025இல் அமெரிக்கக் கூட்டுக்குழு கூறியது. தமிழ்நாட்டு அடுக்களையில் அதன் பொருள் எளிது: இட்லியும், வடிகட்டிய ரசம் விட்டுப் பிசைந்த சோறும், தயிர்சாதமும் ஆகும்; கீரை, முருங்கைக்காய், கொய்யா, மாதுளை, தக்காளி விதை, முழுப் பயறு ஆகா. தாளிப்பைத் தவிர்க்கச் சொல்லும்போது பலர் அதை மிகையான கண்டிப்பென நினைக்கின்றனர். ஆனால் அகநோக்கியின் உறிஞ்சு குழாய் 4 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுடையது. ஒரு கறிவேப்பிலைத் துணுக்கும் நான்கு கடுகும் அதை அடைத்துவிடும், அடைத்த பின் சுவரில் தேங்கிய நீரை வெளியேற்ற வழியில்லாமல் மருத்துவர் திரையில் மஞ்சள் குளத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேரும். திரவம் மட்டும் குடிக்க வேண்டிய வேளையில் இளநீரும் சக்கை நீக்கிய எலுமிச்சைச் சாறும் பால் கலக்காத தேநீரும் தகும். பாலும் கடற்பாசியும் சேர்ந்த ஜிகர்தண்டா, மதுரைக்காரர் எவ்வளவு விரும்பினாலும், பரிசோதனை முடிந்த பிறகே.

இரும்புச்சத்து மாத்திரைகள் மலத்தைக் கரியதாக்கிச் சுவரில் ஒட்ட வைப்பதால் ஐந்து நாள் முன்பே நிறுத்தப்படுகின்றன. சர்க்கரை நோயாளிகள் தம் மாத்திரைகளையும் இன்சுலினையும் குறைக்கும் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நுரையை அடக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்து மறுபாதியோடு சேர்க்கப்படுவதும் உண்டு. குமிழிகள் மறைந்ததும் சுவரின் நுண்ணிய இரத்தநாளக் கோலம் துல்லியமாகத் தெரியும்.