மூளைக் காய்ச்சலும் முதுகு ஊசியும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முதியோர் வாக்கு. அச்சிரசினுள் உள்ள மூளையையோ, அதனைப் போர்த்திருக்கும் சவ்வுகளையோ கிருமி பற்றினால் கடுங்காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, பிதற்றல் என்பன தோன்றும். இவற்றைச் சன்னியென்றும் பேய்க்கோளாறென்றும் கருதி, வேப்பிலை அடித்துக் காத்திருந்தோர் நம்மிடையே உண்டு.

மேல்நாட்டாரும் நெடுங்காலம் இருளிலேயே இருந்தனர். 1805இல் ஜெனீவா நகரில் பரவிய இக்கொள்ளைநோயை வைத்தியர் வியூசோ விவரித்தெழுதினார். எனினும் காரணம் விளங்கவில்லை. 1887இல் வியன்னாவில் வைக்செல்பௌம் என்பார் இந்நோய்க் கிருமிகளுள் ஒன்றைக் கண்டறிந்தார். ஆனால், உயிரோடிருப்பவரின் மண்டையோட்டினுள் நடப்பதை அறிவது எங்ஙனம்? 1891இல் ஜேர்மனியின் கீல் நகர வைத்தியர் குவிங்கே அதற்கு வழி திறந்தார். மூளையைச் சூழ்ந்த நீரே முதுகெலும்பினுள்ளும் இறங்கி நிற்கின்றது. அதனை இடுப்புப் பக்கமாக ஊசியால் எடுத்தார். தெளிந்திருக்க வேண்டிய அந்நீர் கலங்கியிருப்பின் சீழ் உண்டென்று அறியலாயிற்று.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்தும் வந்தது. 1930களில் சல்பா மருந்துகளும், 1940களில் பெனிசிலினும் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. காசக்கிருமி மூளைச்சவ்வைப் பற்றினால் மரணமே முடிவு என்றிருந்த நிலையை ஸ்ட்ரெப்டோமைசின் மாற்றியது.

நுளம்பினாற் பரவும் யப்பானிய மூளைக்காய்ச்சல் 1955இல் தமிழகத்து வேலூரில் இனங்காணப்பட்டது. 1985-86இல் நமது நாட்டின் அநுராதபுரப் பகுதியில் அது கொள்ளைநோயாகியது. இதற்கென நேர்மருந்து இல்லை, தடுப்பூசியே காவல். 1988இல் அப்பணி இங்கு தொடங்கிற்று.

இத்தனை வசதியிருந்தும் ஓர் அச்சம் நம்மவரைத் தடுக்கின்றது. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமற் போகும் என்பர். முண்ணாண் முடிவுறும் இடத்துக்குக் கீழேதான் ஊசி செல்கின்றது. ஆதலால் அது முண்ணாணைத் தொடுவதில்லை. ஊசி ஏற்றவர் யார், ஏலாதவர் யார் என்பதையும் வைத்தியர் முன்னரே ஆராய்வர். காலை முடக்குவதும் செவியைக் கெடுப்பதும் பெரும்பாலும் தாமதமே.

இளைஞர்காள்! அயல் லயத்துப் பிள்ளை காய்ச்சலோடு கழுத்து விறைத்துப் பிதற்றினால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். பெரகலையிலிருந்து தியத்தலாவைக்கும் பதுளைக்கும் வீதி உண்டு. வாகனம் தேடுங்கள், அஞ்சும் தாய்க்கு உண்மையை எடுத்துரையுங்கள். அதுவே சிறந்த தொண்டு.